மற்றவை

"கறக்குற எடத்துத் தரை எதுங்க்கா?
டைல்ஸா, சிமெண்டா, கிரானைட்டா, மற்றவையா?"
நெட் சென்டர் பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
ஏழு ஏக்கர் கொறங்காடு, சாமி.
"அது லிஸ்ட்ல இல்லீங்க."
மற்றவை போடு.

காங்கயத்து வெயில்
ஜெராக்ஸ் மிசின் வரை வந்து படுத்திருக்கிறது.

சித்திரையில் வந்தாள் ஆய்வாளர் கோகிலவாணி.
நாலு பாட்டில் நெய் எடுத்தாள், காசு கொடுத்தாள்,
ரசீதில் என் பேரை ரங்கநாயகி என்று சுத்தமாக எழுதினாள்.
சீல் வைக்கும்போது அரக்கு விரலில் சொட்டியது.
அதே நெய்யைத்தான் தடவிவிட்டேன்.
கொப்புளம் போடவில்லை.
ரிப்போர்ட்டில் அது வராது.

நாற்பத்தியொரு நாள் கழித்து வந்தது கடுதாசி:
தரம் குறைவு.
இத்தனை இருக்க வேண்டிய ஏதோ ஓர் எண்
ஒன்றரை குறைகிறதாம்.

சித்திரையில் என் காட்டில் புல் ஏது?
வெள்வேல் நெற்றைப் பொறுக்கித் தின்றுதான்
மயிலைப் பசு மடி சுரந்தாள்.
ஐப்பசியில் வந்திருந்தால்
மஞ்சளாய்த் திரண்ட வெண்ணெயைப் பார்த்திருப்பாள்.
என் நெய்க்கு மாதம் உண்டு.
அவர்கள் எண்ணுக்கு
மழையும் கிடையாது, கோடையும் கிடையாது.

அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
வெள்ளகோவிலில் ஒரு குடோனில்
டால்டாவில் எசன்ஸ் கலந்த முந்நூறு லிட்டரைச்
சாக்கடையில் கொட்டவைத்தவள் அவள்தான்.
அதை வாங்கிப் பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டிய வீடுகளை நினைத்தால்
சட்டமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.
ஆனாலும் கேட்கிறேன்:
தை மாதமும் ஆடி மாதமும்
ஒரே வாசனை அடிக்கிற பாக்கெட்டை நிறுத்தி
நீ எந்த மாட்டுடையது, அது என்ன மேய்ந்தது என்று
யாராவது கேட்டிருக்கிறார்களா?

கிளுவை வேலிக்கு அக்கட்ட
சென்னியப்பன் கோழி செட்டு.
ஐயாயிரம் குஞ்சு, லேமினேட் செய்த நாலு சான்றிதழ்,
விடிய விடிய அணையாத வெளிச்சம்.
காற்று திரும்பினால் சோற்றுத் தட்டை
உள்ளே எடுத்துப் போய்விடுவோம்.
அவன் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும்
முதல் விடையே சரியான விடை.

போன வெயிலில் கரண்ட் போய்
ஒரே மத்தியானம் எண்ணூறு செத்தன.
குழி வெட்ட ஆள் கிடைக்காமல் நானும் மம்மட்டி பிடித்தேன்.
சுண்ணாம்பு தூவிக்கொண்டே சொன்னான்:
"குஞ்சு கம்பெனிது, தீனி கம்பெனிது,
ஊசி மருந்தும் கம்பெனிது.
செத்தது மட்டும் எம்பேர்ல, ரங்கநாயகி."
அவனோடு எனக்கென்ன சண்டை?
அவன் கொறங்காடும் என்னுடையதுபோல்தான் இருந்தது,
பேங்க் லோனுக்குப் புல் கணக்கில் வராதவரை.

"கழிவு எப்புடி அப்புறப்படுத்துறீங்க?"
கழிவே இல்லையே, கண்ணு.
சாணி காட்டுக்கு, மோர் கன்றுக்கும் நாய்க்கும்.
பையன் சுழியம் தட்டினான்.
கட்டம் சிவப்பானது.
"ஏதாச்சும் போட்டாத்தான் அடுத்த பக்கம் போவுங்க்கா."
ஒரு கிலோ என்று போட்டோம்.
எதில் ஒரு கிலோ என்று
அதுவும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மறுபடி தரைக்கே வந்து நின்றது.
மற்றவை எனில், விவரிக்கவும்.
சொல்லச் சொல்ல அடித்தான்:
கொழுக்கட்டைப்புல், நரிப்பயறு, செப்பு நெ
கட்டம் அதோடு நின்றுவிட்டது.
"செப்பு நெய்யிங்களா?"
நெருஞ்சி, சாமி. தரையோடு படரும்.
அழித்துச் சுருக்கட்டுமா என்றான்.

வெளியே யாரோ ஆதார் நகலுக்குக் காத்திருந்தார்கள்.
வேண்டாம், அப்படியே அனுப்பு என்றேன்.